ஸ்டார்மி சிக்ஸ்: மிலான் நகரத்து இடதுசாரி ராக் குழு ஒன்றின் பதினெட்டு ஆண்டுகள்

அரசியல் பாடும் இசைக்குழுக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பாட்டு வரிகளோடு நின்றுவிடுகிறார்கள். யாரை எதிர்த்தார்கள், எந்தக் கொடியைப் பிடித்தார்கள் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. இத்தாலியின் ஸ்டார்மி சிக்ஸ் குழுவை அப்படிப் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். 1965-இல் மிலானில் சேர்ந்து 1983-இல் கலைந்த இந்தக் குழு, எதைப் பாடுவது என்ற கேள்வியில் தொடங்கியது. பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குப் போனது. கடைசியில் பாட்டை எப்படிக் கட்டுவது என்ற கேள்வியில் வந்து நின்றது. ஊர்வலங்களில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடிய ஒரு பாட்டு அவர்கள் கையில் இருந்தது. அதே மாதிரி இன்னும் பத்துப் பாட்டு போட்டிருந்தால் கூட்டம் குறைந்திருக்காது. அவர்கள் போடவில்லை. அது சரியான முடிவு என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல, தொடக்கத்திலிருந்தே வர வேண்டும்.

ஆங்கிலப் பெயரும் இரவல் மெட்டும்

1960-களின் நடுவில் இத்தாலியில் கிட்டார் வாங்கிய பையன்கள் எல்லோரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். குழுவுக்கு ஆங்கிலப் பெயர் வைப்பது, லண்டனில் வந்த பாட்டுக்கு இத்தாலியச் சொற்களைப் போட்டுப் பாடுவது. ஸ்டார்மி சிக்ஸும் அப்படித்தான். 1967-இல் வந்த அவர்களது முதல் சிறு இசைத்தட்டில் இருந்தது ஸ்மால் ஃபேசஸ் குழுவின் பாட்டு ஒன்றின் இத்தாலிய வடிவம். அதே ஆண்டு ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ் இத்தாலிக்கு வந்தபோது, அவர்களுக்கு முன் மேடையேறிய உள்ளூர்க் குழுக்களில் இவர்களும் இருந்தார்கள். பின்னாளில் தனிப் பாடகராகப் பேர் வாங்கிய கிளாவுதியோ ரோக்கி கொஞ்ச காலம் இவர்களோடு பேஸ் கிட்டார் வாசித்தார். 1969-இல் முதல் முழு இசைத்தட்டு வந்தது. காலத்தின் போக்கோடு போன, நன்றாக வாசிக்கப்பட்ட ஒரு தட்டு. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த ஆண்டு மிலானில் நடந்ததுதான் முக்கியம். 1968-இல் பல்கலைக்கழகங்கள் கொந்தளித்தன. 1969 இலையுதிர் காலத்தில் தொழிற்சாலைகள் அடுத்தடுத்து வேலைநிறுத்தத்தில் இறங்கின. டிசம்பர் 12 அன்று ஃபொந்தானா சதுக்கத்தில் இருந்த வேளாண்மை வங்கியில் குண்டு வெடித்து 17 பேர் செத்தார்கள். அரசே வேண்டாம் என்கிற அனார்க்கிஸ்டுகளைப் போலீஸ் உடனே பிடித்தது. அவர்களில் ஒருவரான ஜுசெப்பே பினெல்லி என்ற ரயில்வே தொழிலாளி, மூன்று நாள் கழித்து காவல் தலைமையகத்தின் நான்காவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். குண்டு வைத்தது புதிய பாசிஸ்டுகள் என்பது நீதிமன்றத்தில் நிலைபெறப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்த நகரத்தில், அந்த வயதில் இருந்த ஒருவர் காதல் பாட்டை மட்டும் பாடிக்கொண்டு இருந்திருக்க முடியாது என்று சொல்ல மாட்டேன். நிறையப் பேர் அப்படியே இருந்தார்கள். ஸ்டார்மி சிக்ஸின் மையத்தில் இருந்த கிட்டார் கலைஞர் ஃபிராங்கோ ஃபாப்ரியும் அவரது நண்பர்களும் இருக்கவில்லை.

1972-இல் வந்த 'லூனிதா' (ஒற்றுமை) இசைத்தட்டு அந்தத் திருப்பத்தின் முதல் ஆதாரம். இத்தாலி ஒரே நாடானது 1861-இல். பள்ளிப் பாடப்புத்தகத்தில் அது தளபதி கரிபால்டியின் சிவப்புச் சட்டைத் தொண்டர்களோடு வரும் வெற்றிக் கதை. தெற்கில் இருந்த விவசாயிகளுக்கு அது வேறு கதை. நிலம் கிடைக்கவில்லை, வரியும் கட்டாய ராணுவ சேவையும் வந்தன. காட்டுக்குள் போனவர்களை அரசு கொள்ளைக்காரர்கள் என்றது. 1861 ஆகஸ்ட் 14 அன்று, நாற்பதுக்கும் மேற்பட்ட படைவீரர்கள் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, புதிய நாட்டின் ராணுவம் பெனவெந்தோ பக்கத்துக் கிராமங்களான பொந்தேலாந்தோல்ஃபோவையும் கசல்தூனியையும் எரித்தது. பொந்தேலாந்தோல்ஃபோவின் பெயரிலேயே ஒரு பாட்டு இந்தத் தட்டில் இருக்கிறது. தெற்கு இத்தாலியின் இந்தப் பக்கத்தை 1972-இல் ஒரு ராக் குழு பாடியது சாதாரண விஷயம் அல்ல.

ஆனால் காதைத் தீட்டிக் கேட்டால் ஒரு குறை தெரியும். பாடுவது தென் இத்தாலிய விவசாயியின் சாவை. ஒலிப்பதோ கலிபோர்னியாவின் கிட்டாரும் கூட்டுக் குரலும். பொருள் மாறிவிட்டது, சட்டை மாறவில்லை. அந்த இடைவெளியை அவர்களும் உணர்ந்திருக்க வேண்டும். அடுத்த ஐந்து ஆண்டுகளில் செய்ததெல்லாம் அதை மூடும் வேலையாகத்தான் எனக்குப் படுகிறது.

செத்தவன் மெட்ரோ ரயிலில் வருகிறான்

1970-களின் தொடக்கத்தில் குழு மிலான் மாணவர் இயக்கத்தோடு நெருங்கியது. கல்லூரிகளிலும் கூட்டங்களிலும் பாடியது. 1974-இல், பிறருடைய போராட்டப் பாடல்களைத் தொகுத்து ஒரு தட்டு போட்டது. இந்தக் காலத்தில்தான் பாடகரும் பாடலாசிரியருமான உம்பெர்த்தோ ஃபியோரி, வயலினும் மாண்டலினும் வாசித்த தொம்மாசோ லெத்தி, வயலின் கலைஞர் கார்லோ தெ மார்த்தினி ஆகியோர் வந்து சேர்ந்தார்கள். குழுவின் ஒலி அடியோடு மாறியதற்குக் காரணம் இவர்கள்தான்.

1975-இல் வந்தது 'உன் பிக்லியெத்தோ தெல் த்ராம்' (ஒரு டிராம் டிக்கெட்). பாசிசத்திலிருந்து இத்தாலி விடுதலை பெற்று அப்போது 30 ஆண்டு. ஒவ்வொரு ஏப்ரல் 25 அன்றும் மாலை போட்டுப் பேசும் அரசு விழாவாக, பாசிஸ்டுகளையும் நாஜிகளையும் எதிர்த்து நடந்த கெரில்லா எதிர்ப்புப் போர் மாறியிருந்தது. ஆட்சியில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி. தெருவிலோ புதிய பாசிஸ்டுகள் மறுபடியும் குண்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். 1974-இல் மட்டும் பிரேஷாவில் ஒரு தொழிற்சங்கக் கூட்டத்திலும், இத்தாலிக்கூஸ் ரயிலிலும் வெடித்தன. அந்த நேரத்தில் எதிர்ப்புப் போரைப் பாடுவது என்றால் பழங்கதை பேசுவது ஆகாது.

தட்டின் முதல் பாட்டு 'ஸ்டாலின்கிராடோ'. தொடக்கத்தில் இடிபாடுகளுக்கு நடுவில் நிற்கும் ரஷ்ய நகரம். இனி எந்த நகரத்துக்குப் போனாலும் அங்கே ஒரு ஸ்டாலின்கிராட் காத்திருக்கும் என்று ஹிட்லரின் படைக்குச் சொல்கிறது பல்லவி. இதைத்தான் ஊர்வலங்கள் எடுத்துக்கொண்டன. ஆனால் பாட்டின் நயம் அடுத்த சரணத்தில் இருக்கிறது. காட்சி சட்டென்று வேறு இடத்துக்கு மாறுகிறது. காபிக் கடையில் அதிகாரிகளுக்காக வாத்தியம் முழங்குகிறது. இருட்டறையில் வானொலியைச் சுற்றி ஏழு தொழிலாளிகள், கையில் ஏழு கோப்பைகள். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் ஒருவன் சிரித்துக்கொண்டே துப்பாக்கியைத் துடைத்துத் தயாராகிறான். தூரத்துப் போர்ச் செய்தி வந்து சேரும் இடங்கள் இவை. ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியப் படை சரணடைந்தது 1943 பிப்ரவரி 2. ஒரு மாதம் கழித்து, மார்ச் 5 அன்று, தூரின் நகரத் தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தம் வெடித்தது. பாசிச ஆட்சிக்குக் கீழே இத்தாலி அதுவரை பார்க்காத அளவு பெரியது. தட்டின் இரண்டாவது பாட்டு நேராக அந்தத் தொழிற்சாலைக்குள் போகிறது. அப்புறம் அமெரிக்கர்கள் சிசிலியில் இறங்குகிறார்கள். அப்புறம் செப்டம்பர் 8 போர்நிறுத்த அறிவிப்பு. நாள்காட்டியைப் புரட்டுகிற மாதிரி இருந்தாலும், ஒவ்வொரு பாட்டும் வெவ்வேறு உயரத்திலிருந்து, வெவ்வேறு கண்ணால் பார்க்கிறது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 'ஸ்டாலின்கிராடோ'வில் அந்தப் பேருக்கு உரிய ஸ்டாலினைப் பற்றி ஒரு சொல் கிடையாது. 1975-இல், அவரது சிறை முகாம்கள் பற்றி நிறையத் தெரிந்துவிட்ட பிறகு, அந்த மௌனம் உறுத்துகிறது. அந்த நகரத்தில் செத்தவர்களின் வீரம் அதனால் சிறுத்துவிடாது என்பதும் உண்மை. பாட்டை நான் விரும்பிக் கேட்கிறேன், அந்த உறுத்தலோடு.

என் கணக்கில் இந்தத் தட்டின் உச்சம் 'தந்தே தி நான்னி'. அவர் தூரின் நகரத்துக் கெரில்லாப் போராளி. 1944 மே மாதம், கூட்டாளிகளோடு ஒரு வானொலி நிலையத்தைத் தகர்க்கப் போய்க் காயம்பட்டு, சான் பெர்னார்தினோ தெருவில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்தார். மே 18 அன்று வீடு முற்றுகையிடப்பட்டது. மணிக்கணக்கில் ஒற்றை ஆளாகச் சண்டை போட்டு இறந்தார் என்பது மக்கள் மத்தியில் நிலைத்த கதை. வயது 19. வேறு யாராவது எழுதியிருந்தால் அந்த முற்றுகையைத்தான் பாட்டாக்கியிருப்பார்கள். இங்கே பாட்டு தொடங்குவது நகரத்தின் நடுவே வண்டி நெரிசலில், பாரம் ஏற்றிய மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு, விசிலடித்தபடி போகும் ஒரு உழைப்பாளியோடு. அவன்தான் தந்தே. முப்பது வருஷத்துக்கு முன்னால் நூறு பேர் சேர்ந்து கொன்ற அதே ஆள். பாடுகிறவர் ஒரு நாள் காலை அவனை மெட்ரோ ரயிலில் பார்க்கிறார். ரத்தம் ஒழுகுகிறது, ஆனாலும் சிரிக்கிறான். சுற்றி இருக்கும் முகங்களில் சந்தேகமும் களைப்பும். அவன் முகத்தில் மட்டும் இல்லை.

தியாகியைச் சிலையாக்கும் வேலையை இந்தப் பாட்டு செய்யவில்லை. வேலைக்குப் போகும் கூட்டத்தில் ஒருவனாக உட்கார வைத்துவிட்டது. சொல்லும் விஷயமும் சொல்லும் முறையும் முதல் தடவையாக ஒன்றாகச் சேர்ந்தது இங்கேதான். இசையும் துணைக்கு வருகிறது. கிட்டார், வயலின், மாண்டலின் எல்லாம் ஊர்ப்புற இசையின் வாசனையோடு இருந்தாலும், நாட்டுப்புறப் பாட்டைப் போலி செய்யும் முயற்சி இல்லை. வயலின் பாட்டுக்கு அலங்காரமாக நிற்காமல் பதில் சொல்கிறது.

இன்னொரு பாட்டு ஜான்ஃபிராங்கோ மத்தேயைப் பற்றியது. அவர் வேதியியலாளர். ரோம் நகரத்துக் கெரில்லாக்களுக்கு வெடிகுண்டு செய்து கொடுத்தவர். 1944 பிப்ரவரியில் பிடிபட்டு, தாஸ்ஸோ தெருச் சிறையில், சித்திரவதையில் தோழர்களைக் காட்டிக் கொடுத்துவிடக் கூடாது என்று தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். 'வின்கா மீது மேகங்கள்' என்ற பாட்டு, 1944 ஆகஸ்டில் ஏறத்தாழ 170 பேரைக் கொன்ற தோஸ்கானா மலைக்கிராமப் படுகொலையைப் பேசுகிறது. இந்தப் பெயர்களெல்லாம் அன்றைக்குக் கேட்டவர்களுக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுக்கப்பட்டவை அல்ல. பலருக்கு இந்தத் தட்டே பாடப்புத்தகம் ஆனது.

தட்டு யாருடையது

'டிராம் டிக்கெட்' எந்தப் பெரிய நிறுவனத்தின் பெயரிலும் வரவில்லை. மிலானில் இசைக்கலைஞர்களே சேர்ந்து நடத்திய 'லோர்கெஸ்த்ரா' என்ற கூட்டுறவின் வெளியீடு அது. மோனி ஓவாதியாவின் நாட்டுப்புற இசைக்குழு, ஜாஸ் கலைஞர்கள் எனப் பலர் அதில் இருந்தார்கள். பின்னாளில் ஜெனோவாவின் பிக்கியோ தால் பொத்சோ குழுவும் தன் இரண்டாவது தட்டை அதில்தான் போட்டது.

இந்த நேரத்தில் இதே மிலானில் ஏரியா என்ற இன்னொரு குழு இருந்தது. அலெக்ஸாந்திரியாவில் பிறந்த கிரேக்கரான தெமெத்ரியோ ஸ்த்ராத்தோஸின் குரல், பால்கன் தாளங்கள், மின்னிசை. அரசியலில் இவர்களைவிட உரக்கப் பேசியவர்கள். அவர்களது முதல் தட்டின் உறைக்குள் அட்டையில் செய்த கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது. ஆனால் ஏரியாவின் தட்டுகளை வெளியிட்டது ஜானி சாஸ்ஸி என்ற ஒரு மனிதரின் கிராம்ப்ஸ் நிறுவனம். அவரே பாட்டு வரியும் எழுதினார், உறையும் வடிவமைத்தார். மேதை அவர், சந்தேகம் இல்லை. இருந்தாலும் அது ஒருவருடைய கடைதான். ஸ்டார்மி சிக்ஸ் போன பாதை வேறு. கணக்கு எழுதுவது, கச்சேரி பிடிப்பது, தட்டை விற்பது எல்லாம் வாசிக்கிறவர்களின் பொறுப்பு. கூட்டம் போட்டு முடிவெடுப்பது. இதில் பளபளப்பு எதுவும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, ராக் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஏரியாவின் துப்பாக்கியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், கூட்டுறவைப் பற்றி ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள்.

இப்படி ஒரு கூட்டுறவு பிழைக்க ஒரு மேடை வேண்டும். அன்றைய இத்தாலியில் அது இருந்தது. கம்யூனிஸ்ட் கட்சி தன் நாளேட்டின் பெயரில் ஊர் ஊராக நடத்திய கோடை விழாக்கள், இடதுசாரிக் கலாச்சார சங்கங்கள், மாணவர்கள் கையில் இருந்த கல்லூரி அரங்குகள். 1976 ஜூன் தேர்தலில் அந்தக் கட்சி 34.4 சதவீத வாக்கு வாங்கியது. அவ்வளவு பெரிய வட்டம் அது.

அந்த வட்டத்துக்குள்ளேயே இசைக்கலைஞர்கள் மீது ஒரு கடுமையும் இருந்தது. டிக்கெட் இல்லாமல் உள்ளே விடு என்று கதவை உடைப்பார்கள். 1976 ஏப்ரலில் மிலானின் பலாலிதோ அரங்கில் பாடகர் ஃபிரான்செஸ்கோ தெ கிரெகோரியை மேடையிலேயே நிறுத்தி, எவ்வளவு சம்பாதிக்கிறாய், நீ எந்த விதத்தில் கம்யூனிஸ்ட் என்று விசாரணை நடத்தினார்கள். அதே ஆண்டு ஜூனில் மிலானின் லாம்ப்ரோ பூங்காவில் நடந்த இளைஞர் விழா, சாப்பாட்டு வண்டியைக் கொள்ளையடிப்பதிலும் கைகலப்பிலும் முடிந்தது. கேட்கிறவர்களுக்குக் கோஷம் வேண்டும், உடனே வேண்டும் என்ற காலம்.

'லப்ரெந்தீஸ்தா': கோஷம் நின்ற இடம்

அந்தக் காலத்தில்தான் ஸ்டார்மி சிக்ஸ் எதிர்த்திசையில் நடந்தது. 1976-இல் பெரும்பாலும் வாத்திய இசையாலான 'கிலிஷே'. 1977-இல் 'லப்ரெந்தீஸ்தா' (வேலை கற்பவன்). என்னைக் கேட்டால் இந்தக் குழுவின் மிகச் சிறந்த வேலை இதுதான். இத்தாலிய ப்ராக்ரசிவ் ராக்கின், அதாவது சிக்கலாகக் கட்டப்பட்ட ராக் இசையின், முதல் வரிசையிலும் இதற்கு இடம் உண்டு.

1977 எப்படிப்பட்ட ஆண்டு என்று நினைத்துப் பார்க்க வேண்டும். மார்ச் 11 அன்று பொலோஞாவில் ஃபிரான்செஸ்கோ லோரூஸோ என்ற மாணவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். மறுநாள் அந்த ஊரில் இளைஞர் இயக்கத்தின் குரலாக இருந்த ரேடியோ ஆலிசே நிலையத்தைப் போலீஸ் நுழைந்து மூடியது. தெருவில் துப்பாக்கிகள் வந்துவிட்டன. அந்த ஆண்டில் இந்தக் குழு வெளியிட்ட தட்டு, வேலை கற்றுக்கொள்வது, வேலைக்குப் போவது, பாடம் படிப்பது ஆகியவற்றைப் பற்றியது. வீரர்களின் பெயர்கள் போய்விட்டன. பெயர் தெரியாத பையனும் முதலாளியும் வருகிறார்கள்.

இசையில் நடந்த மாற்றம் இன்னும் பெரிது. 'ஸ்டாலின்கிராடோ'வில் பாடகரின் குரல் முன்னால் நிற்கும், வாத்தியங்கள் பின்னால் அணிவகுக்கும். 'லப்ரெந்தீஸ்தா'வில் யாருக்கும் நிரந்தர இடம் கிடையாது. வயலின் ஒரு வரியைத் தொடங்கி அதை முடிப்பதற்குள் மாண்டலின் வாங்கிக்கொள்கிறது. கிட்டார் வேறு தாளக்கணக்கில் ஓடிவந்து இரண்டோடும் கோர்த்துக்கொள்கிறது. குரல் அந்த வலையில் ஒரு நூல். நாட்டுப்புற நடனத் தாளம் ஒன்று எட்டிப் பார்க்கும். காலைத் தட்ட ஆரம்பிப்பதற்குள் கணக்கு மாறிவிடும். தனி ஆளாக நின்று கைத்தட்டல் வாங்கும் நீண்ட கிட்டார் வாசிப்பு, அன்றைய ப்ராக்ரசிவ் ராக்கின் அடையாளமே அதுதான், இங்கே அறவே இல்லை. ஆறேழு பேர் ஒருவருக்கொருவர் காது கொடுத்தால் மட்டுமே வாசிக்க முடிகிற இசை. கூட்டுறவு என்பதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தவர்கள் அதை இசைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். இதைத்தான் நான் வளர்ச்சி என்கிறேன்.

விலையும் இருந்தது. ஊர்வலத்தில் இதைப் பாட முடியாது. 'ஸ்டாலின்கிராடோ' கேட்க வந்தவர்களில் பலர் இதைக் கேட்டுக் குழம்பினார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. தொழிலாளியைப் பற்றிய இசை தொழிலாளிக்கு எட்டாமல் போகலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில், தொழிலாளிக்கு எளிமையானதுதான் புரியும் என்ற ஒரு முன்முடிவும் இருக்கிறது. அது எனக்கு ஒப்பவில்லை.

லண்டன், மிலான், முடிவு

இந்த இசைக்குத் தோழர்கள் வெளிநாட்டில் கிடைத்தார்கள். இங்கிலாந்தின் ஹென்றி கௌ குழு 1975 முதல் இத்தாலியில் நிறைய வாசித்தது. பெரிய நிறுவனங்களோடு பட்ட பாடு அவர்களுக்கும் இருந்தது. 1978 மார்ச் 12 அன்று லண்டனின் நியூ லண்டன் தியேட்டரில் அவர்கள் ஐந்து நாட்டுக் குழுக்களைக் கூட்டினார்கள். தாங்கள் போக, ஸ்வீடனின் சாம்லா மம்மாஸ் மான்னா, பெல்ஜியத்தின் யூனிவேர் ஜீரோ, பிரான்ஸின் எத்ரோன் ஃபூ, இத்தாலியின் ஸ்டார்மி சிக்ஸ். 'ராக் இன் ஆப்போசிஷன்' என்று பெயர். இசை நிறுவனங்கள் உங்களைக் கேட்கவிடாத இசை என்பது விளம்பர வாசகம். அடுத்த ஆண்டு வசந்த காலத்தில் மிலானின் எல்ஃபோ தியேட்டரில் இதே அணியின் விழாவை ஸ்டார்மி சிக்ஸும் அவர்களது கூட்டுறவும் நடத்தின. வீட்டுக்கு விருந்தினரை அழைத்த மாதிரிதான்.

ஆனால் வீடு மாறிக்கொண்டிருந்தது. லண்டன் கச்சேரி முடிந்த நான்காம் நாள், மார்ச் 16 அன்று, ரோமில் ஆயுதம் ஏந்திய தீவிர இடதுசாரிக் குழுவான சிவப்புப் படைப்பிரிவினர் முன்னாள் பிரதமர் ஆல்தோ மோரோவைக் கடத்தினார்கள். மே 9 அன்று அவரது உடல் ஒரு காரில் கிடைத்தது. 1979 ஏப்ரலில் தீவிர இடதுசாரி அறிவுஜீவிகள் கூட்டமாகக் கைது செய்யப்பட்டார்கள். 1980 அக்டோபரில் ஃபியட் தொழிற்சாலையின் 35 நாள் போராட்டம் தோற்றது. தெருவும் சங்கமும் கல்லூரி அரங்கும் சேர்ந்து தாங்கிய மேடை கலகலத்தது. தனியார் தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தது.

1980-இல் வந்த 'மக்கினா மக்கெரோனிகா' அந்தச் சிதறலின் இசை. உடைந்த வாக்கியங்கள், துள்ளும் வாத்தியங்கள், ஒரு பாட்டு முடியும் முன் இன்னொன்று. ஹென்றி கௌவின் ஜார்ஜி போர்ன் செல்லோவோடு இவர்களிடம் வந்து வாசித்த காலம் அது. 1982-இல் 'அல் வோலோ', மின்னோசை கூடிய, சுருக்கமான பாட்டுகள். அதில் முன்பிருந்த நெருக்கம் எனக்குக் கேட்கவில்லை. 1983-இல் கலைந்தார்கள். சண்டை போட்டுப் பிரிந்த குழு என்று இதை எழுதுவது தவறு. தாங்கி நின்ற சமூக வட்டமே போனபின், அதற்காகவே கட்டப்பட்ட ஒரு குழு எங்கே போய் வாசிக்கும்?

பிறகு அவர்கள் செய்ததைப் பார்த்தால், 1977-இன் அக்கறைகள் ஆளுக்கு ஒரு பக்கமாகத் தொடர்ந்தன என்று சொல்லலாம். ஃபாப்ரி இசை ஆய்வாளர் ஆனார். 1981-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த வெகுஜன இசை ஆய்வாளர்களின் முதல் சர்வதேச மாநாட்டில், ஓர் இசை வகையை எது இசை வகை ஆக்குகிறது என்பதைப் பற்றி அவர் வாசித்த கட்டுரை இன்றும் அந்தத் துறையில் மேற்கோள் காட்டப்படுகிறது. ஃபியோரி இத்தாலியின் மதிக்கப்படும் கவிஞர்களில் ஒருவர். டிரம்ஸ் வாசித்த சல்வதோரே கராவு ஓவியர், சிற்பி. 2021-இல் கண்ணுக்குத் தெரியாத சிற்பம் ஒன்றை 15,000 யூரோவுக்கு விற்று உலகச் செய்தியில் வந்தவர் இவர்தான். 2013-இல், வார்சா யூதக் குடியிருப்பின் எழுச்சிக்கு 70 ஆண்டு ஆனபோது, பழைய கூட்டுறவுத் தோழர் மோனி ஓவாதியாவோடு சேர்ந்து 'பென்வெனூத்தி நெல் கெத்தோ' என்ற தட்டைப் போட்டார்கள்.

புதிதாகக் கேட்க வருகிறவர்கள் 1969-இலிருந்து வரிசையாக வர வேண்டாம். 'டிராம் டிக்கெட்'டில் 'தந்தே தி நான்னி'யைக் கேளுங்கள். உடனே 'லப்ரெந்தீஸ்தா'வின் தலைப்புப் பாட்டைக் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் இரண்டே ஆண்டுதான். வரிகள் புரியாவிட்டாலும் பரவாயில்லை; முதல் பாட்டில் வயலின் குரலுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, இரண்டாவதில் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் கவனித்தால் போதும்.